சித்திக்குக் கொடுத்த புற்றுமண்

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் ஒரே ஒரு சிறுகதையை மட்டும் நான் நடத்தியதே இல்லை. செத்தும் சாகாமல் எழுந்து வந்து, தன் வீட்டார் ரத்தத்தையே குடிக்கும் ஓர் இளம்பெண்ணைப் பற்றிய வேற்று நாட்டுக் கதை அது. சிலுவையைக் கண்டதும் அவள் முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்குவாள். அந்தப் பின்வாங்கலை வைத்துத்தான் அவள் யாரென்று கதையில் வரும் சிறுவன் கண்டுகொள்வான். சிலுவை எதற்கு அடையாளம், ரத்தம் எதற்கு அடையாளம், அந்தச் சிறுவன் எந்த இடத்தில் தன் கள்ளமின்மையை இழக்கிறான் என்றெல்லாம் தேர்வில் கேட்பார்கள். விடைகள் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பாடம் வரும் வாரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிச் சக ஆசிரியரிடம் அதைத் தள்ளிவிட்டு, பதிலுக்கு அவருடைய இலக்கண வகுப்புகளை வாங்கிக்கொள்வேன். எனக்குப் பேய்ப் பயம் என்று ஆசிரியர் அறையில் ஒரு கேலி இருந்தது. நான் மறுக்கவில்லை.

எங்கள் உறவுக்காரர்களிடையே என்னைப் பற்றி வேறொரு பேச்சு உண்டு. கல்யாண வீடு, காதுகுத்து வீடு எதுவானாலும் யாராவது ஒருவர் என்னைக் காட்டி, “இவரு சின்னப் பிள்ளையிலேயே புத்துமண்ணைக் கொடுத்துச் சித்தியை எமன்கிட்டயிருந்து மீட்டவருல்லா” என்று ஆரம்பிப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். சித்தியும் பேரன் பேத்தி எடுத்து, எண்பது தாண்டி, சென்ற ஆண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய பதினாறாம் நாளிலும் ஒருவர் அதே பேச்சை எடுத்தார். அன்றைக்குத்தான் இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா சங்கரன்கோவில் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. கோவில் மணி அடித்தால் எங்கள் அடுக்களையில் கேட்கும். சைவ வீடு. சைவம் என்றால் சாதாரணச் சைவம் இல்லை. முட்டைக்கோஸை அம்மா ‘கோசு’ என்று மட்டும்தான் சொல்லுவாள். அந்தச் சொல்லின் முன்பாதி எங்கள் வீட்டு அடுப்புக்கு ஆகாது.

சித்தி அம்மாவின் தங்கை. தாத்தாவும் ஆச்சியும் சீக்கிரம் போய்விட்டதால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள்தான். புளியங்கொட்டையை வாயில் போட்டு ஊதி, முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் பூனையின் மேல் படும்படி துப்புவாள். என் தலை உடம்புக்குப் பெரிதாக இருந்ததால் எனக்கு அவள் வைத்த பெயர் மண்டையன். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவர்களோடு சண்டைக்குப் போவாள். சிவகிரியில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் போன அன்று நான் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனக்குப் பத்து வயதான ஆண்டு வைகாசியில் அவள் திரும்பி வந்தாள். பஸ்ஸில் கூட வந்த அவள் கொழுந்தன் டிரங்குப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். நான் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தேன். சித்தி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தடுத்தாள்.

“கிட்ட வராதலே.”

மண்டையா என்றுகூடச் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நேரே பின்கட்டில் நெல் கொட்டி வைக்கும் அறைக்குள் போனாள். அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வந்தன. அம்மா சோற்றுத் தட்டை நிலைப்படியில் வைத்து உள்ளே தள்ளிவிடுவாள். வெயில் கண்ணுக்கு ஆகவில்லை என்று ஜன்னலைச் சாத்தி வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறோம் என்றாள் அம்மா. ஆடி பிறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

சித்திக்கு வந்திருந்தது காசநோய். அந்தப் பெயரை அந்த நாளில் யாரும் வீட்டுக்குள் சொல்ல மாட்டார்கள். வெளியே தெரிந்தால் குடிதண்ணீர் எடுக்கக்கூடத் தெருவில் விட மாட்டார்கள். ஊர் டாக்டர், உடம்பில் ரத்தமே இல்லை, ஆட்டு ஈரலை அரைத்துப் பிழிந்து அந்தச் சாற்றைச் சூடுபடுத்தாமல் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்பா இரண்டு நாள் கோவில் பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ராவுத்தரிடம் போய் நின்றார். ராவுத்தருக்குத் தோல் வியாபாரம். அவர் மனைவியை அம்மா மதினி என்று கூப்பிடுவாள். அந்த அம்மாள் மத்தியானம் தோறும் துப்பட்டிக்குள் ஒரு தூக்குவாளியை மறைத்துக்கொண்டு புறவாசல் வழியாக வருவாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, “பாலு கொண்டாந்திருக்கேன் மதினி” என்று உரக்கச் சொல்லுவாள்.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்று நான் கண்டது வேறு.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். பின்கட்டு அறைக் கதவின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். ராவுத்தரம்மா கண்ணாடி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் சிவப்பாக இருந்தது.

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிரு தாயி. நான் பிஸ்மி சொல்லித்தான் ஊத்தியிருக்கேன். அல்லா ஷிபாவைக் கொடுப்பான், சுகமாயிரும்.”

சித்தி கண்ணை மூடி, “சிவ சிவா” என்றாள். குடித்தாள். கடைவாயிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மோவாய்வரை இறங்கியது. ராவுத்தரம்மா அதைத் தன் துப்பட்டி நுனியால் துடைத்துவிட்டாள்.

ஒரு கத்தரிக்காயைக்கூட முழுசாகச் சமைத்தால் உயிரைச் சமைத்த பாவம் என்று நினைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். அன்று சாயங்காலம் அம்மாவிடம், “சித்தி என்னத்தம்மா குடிச்சா?” என்று கேட்டேன். அம்மா கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததில்லை.

“வெளிய மூச்சு விட்டே, நாக்குல சூடு வச்சுருவேன் பார்த்துக்கோ.”

மறுநாள் காலையில் புறவாசலில் அவள் சில துணிகளைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தாள். கரியாகாத ஓரத்தில் சிவப்புத் தெரிந்தது.

என் வகுப்பில் கரிவலத்தான் என்று ஒருவன் இருந்தான். சொந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர். சங்கரன்கோவிலில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய், திங்கட்கிழமை புதிதாக ஒரு பேயோடு வருவான். கணக்கில் அவன் வாங்கும் மதிப்பெண்ணை வெளியே சொல்ல முடியாது. பேய்களில் அவனுக்குத் தெரியாத உட்பிரிவு இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் டாக்டரைப் போல் கேள்வி கேட்டான்.

“வெயில்ல வருதாளாலே?”

“இல்ல.”

“வாயைத் திறந்து சிரிக்காளா?”

“முந்தானைய வச்சுப் பொத்திக்கிடுதா.”

“கை சுடுதா, குளுருதா?”

“தொடவே விட மாட்டேங்கா.”

“பின்ன என்னலே சந்தேகம்? ரத்தக் காட்டேரிதான்.”

“சிவ சிவான்னு சொன்னாளே. காட்டேரி சாமி பேரைச் சொல்லுமா?” என்றேன்.

கரிவலத்தான் கொஞ்சம் யோசித்தான். “அதுலதாம்லே சூட்சுமம். பாதி உங்க சித்தி, பாதி அது. நம்ம ஊரு சாமியே பாதி சிவன், பாதி பெருமாளுல்லா? ஒரு உடம்புல ரெண்டு பேரு இருக்க முடியாதாக்கும்?”

சங்கரநாராயணரை நான் தினமும் பார்க்கிறவன். ஒரு பக்கம் சடையும் பாம்பும் மழுவும், மறு பக்கம் கிரீடமும் சங்கும். சிவனா, பெருமாளா என்று சண்டை போட்ட இரண்டு நாகர்களுக்கு இருவரும் ஒன்றுதான் என்று காட்டுவதற்காக எடுத்த உருவம் அது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தலைகீழாகப் படித்து, ஒன்றாகத் தெரிவதற்குள் இரண்டு ஒளிந்திருக்கலாம் என்பதற்குச் சாமியையே சாட்சியாக்கிக்கொண்டோம்.

வைத்தியமும் அவனே சொன்னான். அம்மன் சந்நிதிக்கு எதிரே தரையில் இருக்கும் சக்கரத்தில் உட்கார வைத்தால் எந்தப் பேயும் அலறிக்கொண்டு ஓடும். அது ஊரறிந்த விஷயம். சித்தியை அங்கே கொண்டுபோக வழியில்லை. ஆகவே புற்றுமண். கோவிலில் பிரசாதமாகக் கொடுக்கும் அந்த மண்ணை நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். தீராத நோய் தீரும், விஷக்கடி இறங்கும் என்பார்கள். காட்டேரிக்கு அதைக் கொடுக்க மட்டும் கரிவலத்தானிடம் தனி விதி இருந்தது. கீழே வைத்துக் கொடுக்கக் கூடாது. வைத்தால் சக்தி தரைக்குள் இறங்கிவிடும். கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும்.

“தின்னா என்னலே ஆகும்?”

“உள்ள இருக்கது வெந்துரும்.”

“அப்ப சித்தி?”

“பாதி மிஞ்சியிருந்தாப் பிழைச்சுக்கிடுவா. மிஞ்சலைன்னா சாம்பல்தான். செய்யாம இருந்தேன்னு வையி, காட்டேரி வீட்டுல உள்ள சின்ன உசிரைத்தாம்லே முதல்ல எடுக்கும்.”

என் தங்கச்சி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். சளி பிடித்து வெளிறிப் போயிருந்தாள். எனக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. தங்கச்சியா, சித்தியா என்று மனதில் வைத்துப் பார்த்துத் தங்கச்சியை எடுத்துக்கொண்டேன். சித்தி சாம்பலானாலும் சரி என்று, பத்து வயதில், யாரையும் கேட்காமல் தீர்ப்பு எழுதினேன். தங்கச்சிக்காகத்தான் செய்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. கிட்டே வராதே என்று சொன்ன சித்தியின் மேல் எனக்குப் பொல்லாத கோபம் இருந்தது. அவளைக் காட்டேரி என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோபத்தோடு நிம்மதியாக இருக்க முடிந்தது.

ஆடித் தபசு வந்தது. சிவனையும் பெருமாளையும் ஒரே உருவில் பார்க்க வேண்டும் என்று கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற கதையைக் கொண்டாடும் திருவிழா. சாயங்காலம் அம்மன் தபசு மண்டபத்தில் எழுந்தருளியிருக்க, சுவாமி எதிரே வந்து காட்சி கொடுப்பார். திருவேங்கடத்துப் பக்கத்துக் கரிசல்காட்டுச் சம்சாரிகள் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் கம்பையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து அம்மன் மேல் வீசிச் சூறை விடுவார்கள். அடுத்த வெள்ளாமை நன்றாக வரும் என்பது நம்பிக்கை.

அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பின்கட்டு அறையிலிருந்து சத்தம் வந்தது.

“அக்கா, என்னையும் ஒரு எட்டுக் கூட்டிட்டுப் போயேன். ஓரமா நின்னுக்கிடுதேன்.”

“கூட்டத்துல இடிபட முடியுமாட்டி உன்னால?”

“அப்ப எனக்கும் சேத்து ஒரு பிடி பருத்தி போடு.”

அம்மா மூக்கைச் சிந்தினாள். அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சாத்தினாள், அவ்வளவுதான். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

மண்டபத்துக்கு முன்னால் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தலைக்கு மேல் பருத்தி பறந்தது. ஒரு வத்தல் வந்து அப்பாவின் கண்ணுக்குப் பக்கத்தில் பட்டு அவர் கண்ணைக் கசக்கினார். அந்தச் சமயம் பார்த்து அவர் கையை விட்டுவிட்டு நழுவினேன். காலையிலேயே கோவிலில் வாங்கிய புற்றுமண் கால்சட்டைப் பையில் இருந்தது. ஊரே கோவிலை நோக்கி வந்துகொண்டிருக்க, நான் எதிர்த்திசையில் ஓடினேன். வெயில் இன்னும் இறங்கவில்லை.

ராவுத்தரம்மாவுக்காகத் தாழ் போடாமல் வைத்திருக்கும் புறவாசல் வழியாகத்தான் நுழைந்தேன்.

“யாரு, மதினியா?” என்று உள்ளேயிருந்து கேட்டது.

“நான்தான்.”

“மண்டையா! ஏலே, நீ சாமி பார்க்கப் போகலையா?”

மாதக்கணக்கில் கேட்காத பெயர். ஆனாலும் கதவைத் தள்ளினேன். சித்தி நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, ஒரு காலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, உயரத்தில் இருந்த ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் தெரிவது பக்கத்து வீட்டு ஓடுதான். மேளம் மட்டும் கேட்கும். என்னைக் கண்டதும் இறங்கி முந்தானையால் வாயை மூடினாள்.

“அங்கனயே நில்லு. உள்ள வராத.”

“புத்துமண்ணு கொண்டாந்திருக்கேன்.”

அவள் கண் விரிந்தது. “எனக்கா?”

“ம்.”

“அக்கா கொடுத்துவிட்டாளா?”

“நானே வாங்கினேன்.”

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “படியில வச்சிட்டுப் போ ராசா. நான் எடுத்துக்கிடுதேன்” என்றாள்.

“கீழ வைக்கக் கூடாது. கையிலதான் தருவேன்.”

“சொன்னாக் கேளுலே. கிட்ட வராத.”

நான் ஓர் அடி வைத்தேன். அவள் ஓர் அடி பின்னால் போனாள். இன்னோர் அடி வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, சுவரில் முதுகு முட்டும்வரை பின்வாங்கினாள். அந்தக் கண்களில் இருந்தது பயம்தான். யாருக்காகப் பயந்தாள் என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. மண்ணைக் கண்டு நடுங்குகிறது, கரிவலத்தான் சொன்னது அத்தனையும் சரி என்றுதான் நினைத்தேன்.

எட்டி அவள் கையைப் பிடித்தேன். கை கொதித்தது. சாயங்காலக் காய்ச்சல் அது. உள்ளே வேகத் தொடங்கிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். உள்ளங்கையை விரித்து, பையில் இருந்த மண் முழுவதையும் கொட்டி, அவள் விரல்களை மடக்கினேன். சித்தி மண்ணைப் பார்க்கவில்லை. தன் கை மேல் இருந்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவளைத் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

நெற்றியில் கொஞ்சம் பூசிக்கொண்டாள். மீதியை வாயில் போட்டாள். ஒரு சிட்டிகை போதும், அவ்வளவையும் போட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், புகை எங்கிருந்து கிளம்பும் என்று.

“இம்புட்டு நாளா எங்கலே போயிருந்த, மண்டையா?” என்றாள். அழுதாள்.

பிறகு இருமல் வந்தது. அந்த உலர்ந்த மண்தான் தொண்டையில் அடைத்துத் தூண்டியிருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினாள். கையில் வந்தது, புடவையில் வந்தது, தரையில் சொட்டியது. எல்லாம் ரத்தம். ஒரு கையை என் பக்கமாக நீட்டினாள். வா என்று நீட்டினாளா, போ என்று நீட்டினாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் வெளியே பாய்ந்தேன். கதவை இழுத்துச் சாத்தினேன். நாதாங்கியைத் தூக்கிக் கொண்டியில் மாட்டினேன். உள்ளேயிருந்து ஒருமுறை, “ஏலே” என்று கேட்டது. கதவு தட்டும் சத்தம் புறவாசல்வரை கேட்டது.

ஓடிப்போய் மறுபடியும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் போனதை அவர் கவனிக்கவே இல்லை. சங்கரநாராயணர் வந்தார். பெருங்கூட்டம் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கூப்பியது. நானும் கூப்பினேன். கதவு தாங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ராவுத்தரம்மா அன்று வர வேண்டிய வேளை இல்லை அது. திருநாளும் அதுவுமாய் வீட்டில் எல்லோரும் போயிருப்பார்கள், பிள்ளை தனியாகக் கிடக்கும் என்று தானாகக் கிளம்பி வந்திருக்கிறாள். முனகலைக் கேட்டு நாதாங்கியை எடுத்திருக்கிறாள். சித்தி கதவடியிலேயே கிடந்திருக்கிறாள். நாங்கள் திரும்பி வந்தபோது முற்றம் நிறைய ஆட்கள் நின்றார்கள். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் சைவ வீட்டு நடுக்கட்டில் ராவுத்தரம்மா காலை நீட்டி உட்கார்ந்து, சித்தியின் தலையை மடியில் வைத்து, உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துப்பட்டி முழுவதும் ரத்தம். சித்தி சாம்பலாகவில்லை. நெற்றியில் மண் அப்படியே இருந்தது.

டாக்டர் எல்லோர் முன்னிலும் நோயின் பெயரைச் சொன்னார். ஈரல் சாறு விஷயமும் வெளியே வந்தது. சில பேர் அப்போதே படியிறங்கினார்கள். அப்பாவுக்கு ஒளிக்க இனி எதுவும் மிச்சமில்லை. அதுதான் சித்தியைக் காப்பாற்றியது என்று இப்போது தோன்றுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்றுதான் அதுவரை தயங்கினார்கள். “புது ஊசி வந்திருக்கு, கொண்டுட்டுப் போங்க. இந்தப் பிள்ளை பிழைக்கும்” என்றார் டாக்டர். மறுநாளே ரயிலேற்றினார்கள். ஸ்டேஷனுக்குப் போகும் வண்டியில் சித்தி எல்லோரிடமும் சொன்ன ஒரே விஷயம், மண்டையன் தன் கையால் புற்றுமண் கொடுத்தான் என்பதுதான். இந்தக் குடும்பக் கதை அங்கே பிறந்தது.

இன்னொன்றும் அன்று முற்றத்தில் நடந்தது. அதை யாரும் கல்யாண வீட்டில் சொல்வதில்லை.

“வெளிய எதுக்கு மதினி நாதாங்கியப் போட்டிய?” என்று ராவுத்தரம்மா கேட்டாள். “பிள்ளை கதவைத் தட்டித் தட்டிக் கையெல்லாம் வீங்கிக் கிடக்கு.”

அம்மா விழித்தாள். “நானா? சாத்தினேன்... நாதாங்கியுமா போட்டேன்?”

நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு சொல் போதும். ‘நான்தான் போட்டேன்.’ சொல்லவில்லை. பேயை நம்பியது பிள்ளைப் புத்தி. அதற்காக நான் என்னை மன்னித்துவிட்டேன். இந்த மௌனத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பேச வேண்டிய இடம் அதுதான் என்று எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும்.

கரிவலத்தான் திங்கட்கிழமை ஆவலோடு வந்து, “என்னலே, வெந்துதா?” என்றான். ஓடிவிட்டது என்றேன். அவன் பெருமையோடு அடுத்த பேய்க்குப் போய்விட்டான். என்னால் அப்படிப் போக முடியவில்லை. ஏனென்றால் வீட்டில் அம்மா இருந்தாள். பின்கட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த நாதாங்கியைத் தூக்கிப் பார்ப்பாள். போட்டுப் பார்ப்பாள். “கூடப் பிறந்தவளை நானே பூட்டிட்டுப் போயிருக்கேனே” என்று அடுப்பு முன்னால் தனியாகச் சொல்லுவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவள், என்ன முகத்தோடு அம்மன் முன்னால் நிற்பேன் என்று போவதையே விட்டாள். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ஓர் ஆண்டுக்கு மேல் கழித்து, ஒரு மார்கழிக் காலையில், அப்பா சித்தியை ரயிலில் அழைத்து வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் உப்பி, நிறம் ஏறி, குரல் கணீரென்று இருந்தது. ராவுத்தரம்மா திருஷ்டி கழித்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். சித்தி தயங்கவில்லை. நேரே வந்து என் தலையில் குட்டினாள்.

“மண்டை இன்னும் பெருத்திருக்கேலே. உள்ள ஏதும் இருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தவள், அப்படியே அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தானாட்டி அன்னைக்கு நாதாங்கியப் போட்டேன்? எனக்கு நினைவே இல்லையே. நீ உள்ள கிடந்து தட்டினியாமே. பாவி நான், சாமி பார்க்கப் போனேனே...”

சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் தூணுக்குப் பின்னால் போயிருந்தேன்.

“நீ எங்கக்கா போட்ட? நான்தான் இவனைப் போடச் சொன்னேன். மண்ணைக் கொடுத்துட்டு, போக மாட்டேன்னு அங்கனயே நின்னான். தபசு முடிஞ்சிரும், ஓடுலே, பூனை உள்ள வந்துரும், நாதாங்கிய மாட்டிட்டுப் போன்னு விரட்டிவிட்டேன். அதுக்குப் பிறவுதான் எனக்கு இருமலே வந்துது.”

“ஆமாவாலே?” அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? சுமையை இறக்கி வைக்க இடம் கிடைத்த முகம். “ஏம்லே, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சின்னப்பய, மறந்திருப்பான். அவனைப் போயி வையாதக்கா. காப்பியில சீனியே இல்லை, இன்னும் கொஞ்சம் போடு.”

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுக்களையில் அவள் ராவுத்தரம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. வரும் வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போக வேண்டும் என்றாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சித்தி அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அந்தக் காய்ச்சலில் அவளுக்கு எல்லாம் மாறிப் போய் நினைவில் இருக்கிறது போல. எப்படியோ, நல்லதாகப் போயிற்று என்று பம்பரத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.